சிறு நகரத்தில் கலையரங்கை நடத்துவது: நாள் செலவிலிருந்து தொடங்குங்கள்

லாப நோக்கமற்ற அரங்கமும் கணக்கில் கறாராக இருந்தால்தான் பத்தாண்டு கழித்தும் திறந்திருக்கும். நிகழ்ச்சிப் பட்டியல் போடும் முன் ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள். கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் ஒரு நாளுக்கு என்ன செலவாகிறது?

ஆண்டுச் சம்பளம், காப்பீடு, மின்சார நிலைக்கட்டணம், பராமரிப்பு, வரி என்று நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் ஆகும் நிலைச்செலவு எல்லாவற்றையும் கூட்டி, அரங்கு உண்மையில் பயன்படும் நாட்களால் வகுங்கள். 365-ஆல் வகுப்பதுதான் வழக்கமான தவறு. ஆண்டில் 120 நாள்தான் அரங்கு ஓடுகிறது என்றால், 365-ஆல் வகுத்து வரும் தொகை நிஜச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்து வாடகை நிர்ணயித்தால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ஆண்டு முடிவில் நிலைச்செலவில் மூன்றில் இரண்டு பங்கு துண்டு விழும். அன்றன்றைக்கு ஆகும் செலவைத் தனியாகக் குறித்து வையுங்கள்: ஏசி மின்சாரம், துப்புரவு, ஒலி ஒளி ஆட்களின் கூலி, காவல்.

வெளி நிறுவனங்களுக்கு இரண்டும் சேர்ந்த முழு வாடகை. உள்ளூர் நாடகக் குழுவுக்கும் நடனப் பள்ளிக்கும் தாராளமாகக் குறைக்கலாம், அரங்கு இருப்பதே அவர்களுக்காகத்தான். ஆனால் அன்றைய செலவுக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வித்தியாசத்தை யார் ஏற்கிறார்கள் என்று கணக்கில் எழுதிய பிறகே தேதி கொடுங்கள்.

அரங்கமே நடத்தும் நிகழ்ச்சிக்குக் கணக்கு வேறு. 300 இருக்கையில் 20 கலைஞர் குழுவுக்கும் அவசரத்துக்கும், 30 இலவச அழைப்புக்கும் போனால் விற்க இருப்பது 250. கலைஞர் சம்பளம், நாள் செலவு, விளம்பரம் எல்லாம் சேர்ந்து 12,000 அலகு, ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாகக் கையில் நிற்பது 80 அலகு என்று வையுங்கள். 150 டிக்கெட் விற்றால் செலவு அடைபடும், அதாவது 60 சதவீதம். அதற்கு மேல் விற்றால்தான் கட்டுப்படியாகும் என்ற நிகழ்ச்சியைச் சிறு நகரத்தில் ஏற்காதீர்கள், அல்லது விளம்பரதாரர் கையெழுத்திட்ட பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். சராசரி என்பது டிக்கெட்டில் அச்சிட்ட விலை அல்ல. மாணவர் சலுகை, வரி, இணைய விற்பனைக் கழிவு எல்லாம் போக மிஞ்சுவது.

டிக்கெட் பணம் மட்டும் போதாமல் போவது நிர்வாகக் கோளாறு ஆகாது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளியலாளர்கள் 1966-இலேயே காரணத்தை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு பொருளுக்கான உழைப்பு ஆண்டுக்காண்டு குறைகிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றும் நால்வர்தான் வேண்டும், நேரமும் குறையாது. அவர்கள் சம்பளமோ மற்றத் தொழில்களின் சம்பளத்தோடு சேர்ந்து ஏறுகிறது. நன்கொடை கேட்கப் போகும்போது கைநீட்டும் குரலில் பேசாமல் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

தேதிப் புத்தகம்

தேதி கொடுக்கும் அதிகாரம் ஒரே ஆளிடம், ஒரே புத்தகத்தில் இருக்கட்டும். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் நண்பருக்கு வாய்வார்த்தையாகத் தேதி சொல்லிவிடுவதால்தான் பெரும்பாலான இரட்டை முன்பதிவுகள் நடக்கின்றன. வாடகை விகிதத்தையும் கொள்கையையும் குழு முடிவு செய்யட்டும், தேதி மேலாளருடையது.

பணம் கட்டாத முன்பதிவு தற்காலிகம்தான். அதே தேதியை இன்னொருவர் கேட்டால் முதலில் கேட்டவருக்கு 48 மணி நேரம் கொடுங்கள். அதற்குள் முன்பணம் வராவிட்டால் தேதி கைமாறும். இந்த விதியை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் மனக்கசப்பு வராது.

மேடை அமைக்கும் நாளும் பிரிக்கும் நாளும் அரங்கு நாட்களே, அவற்றுக்கும் வாடகை உண்டு. ஆண்டில் ஒரு வாரத்தைப் பராமரிப்புக்கு முதலிலேயே அடைத்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்த வாரம் வரவே வராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சிறு நகரத்தில் ஒரு கலைக்கு வரும் கூட்டம் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான். இரண்டு வாரத்துக்குள் ஒரே வகையில் இரண்டு நிகழ்ச்சி வைத்தால் ஒன்று மற்றதன் டிக்கெட்டைத் தின்றுவிடும்.

மேடை

மேடையின் அகலம், ஆழம், பக்கவாட்டு இடம், பொருள் ஏற்றும் கதவின் அளவு, மின் இணைப்பின் திறன், மைக்குகள், விளக்குகள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் அடங்கிய இரண்டு பக்கத் தாளைத் தேதியிட்டு வைத்திருங்கள். வரும் குழுவின் தொழில்நுட்பத் தேவைப் பட்டியலை மூன்று வாரம் முன்பே கேட்டு வாங்கி, இந்தத் தாளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். கதவைவிடப் பெரிய செட் வந்து வாசலில் நிற்பது இப்படித்தான் தடுக்கப்படும்.

ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம் கேட்டால் ஒலி மிக்சரைக் குறை சொல்லும் முன் மின் இணைப்பைப் பாருங்கள். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் ஒலிக் கருவிகளும் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த இரைச்சல் ஒலிக்குள் ஏறும். இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். மைக் கேபிள் மின் கேபிளைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கட்டும். பக்கத்தில் இணையாக ஓட விடாதீர்கள். விளக்குகள் காரணமின்றித் துடித்தால் விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிள் தொடரைச் சோதியுங்கள்: மைக் கேபிளைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள், ஒரே தொடரில் 32-க்கு மேல் கருவிகளை மாட்டியிருப்பார்கள், அல்லது கடைசி விளக்கில் தொடரை முடித்துவைக்கும் 120 ஓம் முடிவுச்செருகி இருக்காது. கார்ட்லெஸ் மைக்குக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி அல்லது முழுதாக ஏற்றியது. பாதி தீர்ந்ததை மிச்சம் பிடிக்காதீர்கள்.

விளக்கும் திரையும் தொங்கும் கம்பிகளை மறுமுனையில் எதிர்எடை வைத்துத் தூக்கும் அமைப்பு இருந்தால், வேலையின் வரிசை மாறவே கூடாது. ஏற்றும்போது கம்பியைக் கீழே இறக்கி, முதலில் அதில் விளக்கையோ திரையையோ மாட்டி, பிறகு எடைகளை வையுங்கள். கழற்றும்போது முதலில் எடைகள், பிறகுதான் விளக்கு. மாற்றிச் செய்தால் எடைப்பக்கம் விடுபட்டு வேகமாக விழும், கம்பி மேலே பாயும். ஆள் செத்துப்போகக்கூடிய தவறு இது. இந்த வேலைக்கும் மின் வேலைக்கும் தன்னார்வலர்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

நடனம் இருக்கும் நாளில் ஒருவர் குனிந்து, கையில் டார்ச்சோடு தரை முழுவதும் பார்க்க வேண்டும். சிறு ஆணி, சிராய், பின் எதுவும் வெறுங்காலுக்குப் போதும்.

கதவுகள்

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா தியேட்டரில் மேடைத் திரை தீப்பற்றி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அளவுக்கு மீறிய கூட்டம், திறக்க முடியாத வெளியேறும் கதவுகள், மேடைத் தீ பார்வையாளர் பக்கம் பரவாமல் தடுக்க வேண்டிய, ஆனால் முழுதாக இறங்காத தீத்திரை. மூன்றும் இன்றைக்கும் எந்தச் சிறு அரங்கிலும் நடக்கக்கூடியவை. அதனால் பார்வையாளரை உள்ளே விடுவதற்கு அரை மணி முன், ஒவ்வொரு வெளியேறும் கதவையும் ஒருவர் கையால் தள்ளித் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்து அவசர விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். நிற்க இடம் கேட்டு யார் வந்தாலும் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரும் வேண்டாம். நடைபாதையில் கூடுதல் நாற்காலி போடுவதும் அதில் சேர்த்திதான்.

வாசலில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் விளக்கம் கொடுங்கள்: யார் எந்தக் கதவு, நோயாளியை எங்கே கொண்டுபோவது, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. முறை போட்டு அவர்களையும் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுங்கள். காலமெல்லாம் வாசலிலேயே நிற்க வைத்தால் நல்லவர்கள் மெல்லக் கழன்றுகொள்வார்கள்.

பணம்

முன்கூட்டி விற்ற டிக்கெட்டின் பணம், நிகழ்ச்சி நடந்து முடியும் வரை உங்களுடையது இல்லை. தனிக் கணக்கில் போடுங்கள். அதை எடுத்துச் சம்பளம் கொடுத்துவிட்டு, ஒரு நிகழ்ச்சி ரத்தானதும் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் திணறும் அரங்குகள் உண்டு. குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்த நன்கொடையும் அப்படியே. மூன்று மாத நிலைச்செலவையாவது கையிருப்பாக வைத்திருங்கள். மிக்சர் பத்தாண்டு உழைக்கும் என்றால் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கி வையுங்கள்.

கணக்கை அன்றிரவே முடித்துவிடுங்கள். விற்றது, இலவசம், விற்காதது மூன்றையும் கூட்டினால் மொத்த இருக்கை வர வேண்டும். வாசலில் எண்ணிய தலைகள் முதல் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. வாடகைக்கு எடுத்தவரும் அரங்கப் பொறுப்பாளரும் கூடுதல் நேரம், உடைந்த பொருள் எல்லாவற்றையும் எழுதி, கிளம்புவதற்கு முன் அதே தாளில் கையெழுத்திடட்டும். மறுநாள் காலை இரண்டு பேர் நினைவும் ஒத்துப்போகாது.