செயற்கைக்கோள் வழியே கடிகாரங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூரத்து ஊர்களின் கடிகாரங்களை ஒப்பிட, ஒவ்வோர் ஊரிலும் ஆண்டெனா, கேபிள், ரிசீவர் வைத்து ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோளின் சிக்னலோடு உள்ளூர்க் கடிகாரத்தை அளப்போம். கணக்கு நானோ வினாடியில், அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கில். அப்படி ஒரு வேலையில் பினாங்கிலிருந்து ஒரு தம்பி பதறிப்போய் அழைத்தான். "அண்ணே, கடிகாரம் 80 நானோ வினாடி குதிச்சிருச்சு!"

"கேபிள் மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் நான் செய்த அதே தவறு. ஆண்டெனாவுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கேபிள் தாமதத்தை அளக்காமல் விடுவது

ஆண்டெனாவை ரிசீவரோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிளில் ஒரு மீட்டரைக் கடக்க சிக்னலுக்கு 4 முதல் 5 நானோ வினாடி ஆகும். எங்கள் மொட்டைமாடிக் கேபிள் ஓர் இடியில் போனது. 30 மீட்டர் இருந்த இடத்தில் கையில் கிடைத்த 45 மீட்டரைப் போட்டோம். ரிசீவரில் பழைய தாமத எண்ணை மாற்றவில்லை. மறுநாள் வரைபடத்தில் 75 நானோ வினாடி உயரத்துக்கு ஒரு படி.

மூன்று வாரம் சீசியம் அணுக் கடிகாரத்தையே சந்தேகப்பட்டோம். ஆள் வரவழைத்துப் பார்த்ததில் பணமும் போனது. அதே கடிகாரத்தோடு வேறு ஆண்டெனாவில் இரண்டாவது ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தரவில் படியே இல்லை. கடிகாரம் குதித்திருந்தால் இரண்டிலும் தெரிந்திருக்கும். முதல் நாளே பார்த்திருக்கலாம். நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

படி தெரிந்தால் அதாவது தேவலை. தொடக்கத்திலேயே தவறான எண் இருந்தால் எதுவுமே தெரியாது. பிபிபி (precise point positioning) என்ற கணக்கிடும் முறை, சிக்னலைச் சுமந்துவரும் கேரியர் அலையின் கட்டத்தையும் பயன்படுத்துவதால் கோடு நூல் பிடித்த மாதிரி வரும். புதியவர்கள் அதைப் பார்த்து 'இதுதான் சரியான முறை' என்று முடிவு கட்டுகிறார்கள். 20 நானோ வினாடி தாமதம் கணக்கில் விடுபட்டால், அந்த அழகான கோடு 20 நானோ வினாடி தள்ளியே நிற்கும். ஒரே ரிசீவரை இரண்டு ஊருக்கும் எடுத்துப்போய், அங்குள்ள ரிசீவர்களோடு ஒப்பிட்டு அளந்துவிடுங்கள். அப்புறம் முறைகளை ஒப்பிடலாம்.

தூரத்தைப் பார்க்காமல் முறையைத் தேர்வது

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர்தான். இரு ஊரும் ஒரே நேரத்தில் ஒரே செயற்கைக்கோளைப் பார்த்தால் அதன் கடிகாரப் பிழை நீங்கிவிடும், அயனி மண்டலம் (மேலே சிக்னலைத் தாமதப்படுத்தும் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு) தரும் பிழையும் பெரும்பாலும் நீங்கும். பாரிஸில் உள்ள கடிகாரத்தோடு நம்முடையதை ஒப்பிடும்போது, தூரம் அதிகம் என்பதால் அந்தச் சலுகை கிடைக்காது. இரு ஊரும் செயற்கைக்கோள் வழியே ஒன்றுக்கொன்று சிக்னல் அனுப்பிக்கொள்ளும் இருவழி முறையின் செலவுக்கு அங்கே அர்த்தம் உண்டு. பூமி சுழல்வதால் வரும் சாக்னக் திருத்தத்தை மட்டும் மறக்கக்கூடாது.

ஒற்றை அதிர்வெண் ரிசீவர்

நாம் புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம்; இங்கே அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் அதிகம். சிக்னல் வரும் பாதையில் எலக்ட்ரான் அளவு 100 டெக்யூவை (TECU, அதற்கான அலகு) தொட்டால் ஜிபிஎஸ்ஸின் முதன்மை அதிர்வெண்ணான எல்1 சிக்னல் 54 நானோ வினாடி தாமதிக்கும். இரண்டு அதிர்வெண்களின் தாமத வித்தியாசத்தை வைத்து இதைக் கணக்கிட்டு நீக்கலாம் என்பதால் இரட்டை அதிர்வெண் ரிசீவர் வாங்குங்கள்.

உள்ளூர் நேரத்தில் பதிவு

வேண்டாம். யூடிசி (உலகப் பொது நேரம்) மட்டும்.

இரவில் ஏர்கானை அணைப்பது

அணைக்காதீர்கள். அறை சூடானால் ரிசீவரின் தாமதமும் நகரும்.