சாமியும் ஏஐயும் கலந்து ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதுவது எப்படி?

இயந்திரம் கண் திறந்து "நானே கடவுள்" என்று அறிவிக்கும் அத்தியாயம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறதா? முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். அப்படிச் சொன்ன பிறகு முந்நூறு பக்கத்துக்கு என்ன நடக்கும்? கொஞ்சம் பேர் கும்பிடுவார்கள், கொஞ்சம் பேர் எதிர்ப்பார்கள், கடைசியில் யாராவது போய் பிளக்கைப் பிடுங்குவார்கள். வாசகருக்கு இது பத்தாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அதற்குப் பதிலாக இயந்திரத்தை மதத்துக்குள் ஒரு வேலையில் அமர்த்துங்கள். பாட, படிக்க, நாள் பார்க்க, விளக்கம் சொல்ல, ஆசி தர, பாவத்தை மன்னிக்க என்று அங்கே எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. இவற்றில் எதை இயந்திரம் செய்தால் ஜனங்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள், எதைச் செய்தால் கொதித்து எழுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாவல் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கும். இயந்திரத்துக்கு எவ்வளவு அறிவு என்பதில் பெரிய கதை இல்லை. அதற்கு அந்த உரிமையை யார் கொடுத்தது என்பதில்தான் இருக்கிறது.

நிஜத்திலேயே இதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. ஜப்பானில் கியோட்டோவின் கோதாய்ஜி கோயிலில் 2019இல் மைண்டார் என்ற ரோபோவை வைத்தார்கள். கருணையின் போதிசத்துவரான கன்னோனின் வடிவம் அது. இதய சூத்திரம் என்ற பௌத்த நூலைப் பற்றி, முன்பே எழுதி ஏற்றிய உரையைச் சொல்லும். விமர்சனம் வந்தது, ஆனால் கோயில் அதை விட்டுவிடவில்லை. இப்போது 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கத்தோலிக் ஆன்சர்ஸ் என்ற அமைப்பு, பாதிரியார் உடையில் ஃபாதர் ஜஸ்டின் என்று ஒரு சாட்பாட்டை வெளியிட்டது. கேள்விக்குப் பதில் சொல்லும்வரை பரவாயில்லை. அது பாவசங்கீர்த்தனம் (செய்த பாவங்களைக் குருவிடம் சொல்வது) கேட்டு மன்னிப்பும் வழங்குகிறது என்று ஆட்கள் எடுத்துக் காட்டியதும், சில நாட்களிலேயே அங்கியைக் கழற்றி வெறும் ஜஸ்டின் ஆக்கிவிட்டார்கள். கத்தோலிக்க மரபில் பாவமன்னிப்பு என்பது குருப்பட்டம் பெற்றவர் தரவேண்டிய ஒன்று, எவ்வளவு சரியான வாக்கியத்தைச் சொன்னாலும் சாட்பாட்டுக்கு அது ஆகாது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் ஒரு சிற்றாலயத்தின் பாவசங்கீர்த்தன அறைக்குள்ளேயே ஏஐ இயேசுவைத் திரையில் வைத்தார்கள், ஆனால் இங்கே பாவசங்கீர்த்தனம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எங்கே கோடு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, உங்கள் நாவலுக்கு வருவோம். நீங்கள் வளர்ந்த மரபை, அல்லது உட்கார்ந்து படித்து அறிந்த மரபை எடுங்கள். மூன்று மதங்களைக் கலந்து "உலகப் பொது ஆன்மிகம்" என்று ஒன்றைக் கிண்டினால் எதுவும் உறைக்காது. அந்த மரபுக்குள்ளும் சின்னதாக ஓர் ஓட்டையைத் தேடுங்கள். நான் ஒன்று தருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவாரப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், சம்பந்தரின் பதிகங்கள் (பாட்டுத் தொகுதிகள்) சிலவற்றில் "ஏழாம் பாடல் சிதைந்துபோயிற்று" என்று ஒரு குறிப்பு இருக்கும். பெரும்பாலான பதிகங்களில் பதினொரு பாட்டு. எட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அடிமுடி தேடிய மாலும் அயனும், பத்தில் சமணரும் பௌத்தரும், பதினொன்றில் தன் பெயரைச் சொல்லித் திருக்கடைக்காப்பு என்ற முடிப்புப் பாட்டு. ஏழுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இப்போது கோயில் அறக்கட்டளை ஒன்று (பெயர், ஊர் எல்லாம் கற்பனையாகவே இருக்கட்டும், வாழும் கோயிலை வம்புக்கு இழுக்காதீர்கள்) திருமுறை (தேவாரமும் அடங்கிய சைவ நூல்தொகுப்பு) முழுவதையும் ஊட்டி ஓர் ஏஐ மாடலைத் தயார் செய்கிறது. யாரோ ஒருவர் விளையாட்டாகக் கேட்க, அது அந்த ஏழாம் பாட்டை எழுதித் தருகிறது. எதுகை, சந்தம், தலத்தின் பெயர் எல்லாம் கச்சிதம். அடுத்த பிரதோஷத்தன்று ஓதுவார், அதாவது கோயிலில் தேவாரம் பாடுபவர், அதைப் பாடுவாரா?

இந்தக் கேள்வி ஒன்றே நாவலைத் தாங்கும். ஏனென்றால் இரு பக்கத்துக்கும் வலுவான வாதம் மரபிலேயே இருக்கிறது. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியும் ராஜராஜ சோழனும் தில்லையில் (சிதம்பரம்) தேவார ஏடுகளைத் திறந்தபோது பெரும்பகுதியைச் செல்லரித்திருந்தது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று அசரீரி சொன்னது என்பது மரபுக் கதை. அப்படியானால் அந்த ஓட்டை இறைவன் வைத்த ஓட்டை, அதை அடைக்க நீ யார் என்று ஒரு தரப்பு கேட்கும். எதிர்த் தரப்பு அதே கதையின் அடுத்த பகுதியை எடுக்கும். பாட்டு கிடைத்தும் பண் (பாடும் ராகம்) தெரியாமல்தானே நின்றார்கள், சம்பந்தரோடு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண் வந்துதானே பண்ணை வகுத்தார், மீட்டெடுப்பது தப்பென்றால் இன்று நாம் பாடுவதே தப்பு என்று. இதற்கு நடுவே ஒரு தமிழ்ப் பேராசிரியரை நுழைத்தால் இடைச்செருகல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போவார், அதுவும் வேண்டியதுதான்.

தொழில்நுட்பப் பக்கத்தை எளிமையாக, ஆனால் சரியாக எழுதுங்கள். இத்தகைய மாடல் மனிதரைப் போல எதையும் "நினைவு கூர்வது" இல்லை. இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக்கொண்டே போகும். அதனால் தொலைந்த பாட்டை அது கண்டுபிடிக்கவே முடியாது, பொருத்தமான ஒன்றை உண்டாக்கத்தான் முடியும், உண்டாக்கியதைக் கண்டெடுத்தது போன்ற அதே குரலில் சொல்லும். எழுத்தாளருக்கு இது பெரிய வரம். அந்த ஏழாம் பாட்டு சம்பந்தரை விட அதிகமாகச் சம்பந்தர் மாதிரி இருக்கும், அவர் அடிக்கடி சொன்ன சொற்களே திரண்டு வரும், அவர் ஒரே ஒரு முறை மட்டும் செய்திருக்கக்கூடிய ஒன்று வராது. அனுபவமுள்ள ஓதுவாருக்கு எங்கோ நெருடும், ஆனால் எங்கே என்று சொல்ல வராது. அந்தத் தடுமாற்றத்துக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் கொடுங்கள்.

பலரும் விட்டுவிடும் இன்னொன்று, பராமரிப்பு. சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டும். புது வெர்ஷன் வந்தால் அதே கேள்விக்கு வேறு பதில் வரும். அலுவலகத்தில் இது ஒரு சில்லறைத் தொல்லை, கோயிலில் இது பிளவு. போன வருடம் வந்த ஏழாம் பாட்டை மனப்பாடம் செய்துவிட்ட ஒரு கூட்டம், புது வெர்ஷன் தந்த ஏழாம் பாட்டைப் பாடும் இன்னொரு கூட்டம், பழைய மாடலை ஒரு கம்ப்யூட்டரில் காப்பாற்றி வைத்துக்கொண்டு இதுதான் அசல் என்று அடம்பிடிக்கும் ஒரு பெரியவர். நாவலின் நடுப்பகுதி தொய்கிறது என்று புலம்புகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பாத்திரங்கள் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. இஞ்ஜினியர் நாத்திகர், ஓதுவார் அப்பாவி என்ற பழைய ஏற்பாடு வேண்டாம். இஞ்ஜினியர் தினமும் திருநீறு பூசுகிற பையனாக இருக்கட்டும், ஓதுவார் வாட்ஸ்அப்பில் எல்லோரையும் விடச் சுறுசுறுப்பாக இருக்கட்டும். விவாதத்தைப் பேச்சில் கொட்டாமல் சின்னதாக வையுங்கள்:

"தம்பி, இதைப் பாடினது யாரு?"

"சம்பந்தர் பாடியிருந்தா இப்படித்தான் ஐயா இருந்திருக்கும்."

"நான் அதைக் கேக்கலையே."

இதற்குப் பிறகு இருவரையும் பேசவிடாதீர்கள், அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

எழுதும்போது நீங்களே ஒரு சாட்பாட்டைத் திறந்து, சம்பந்தர் நடையில் ஒரு பாட்டு கேட்டுப் பாருங்கள். எங்கே எதுகை சறுக்குகிறது, எங்கே இல்லாத பாட்டுக்குப் பாட்டெண் எல்லாம் போட்டுக் கொடுக்கிறது என்று குறித்து வையுங்கள். கற்பனையில் உட்கார்ந்து யோசித்தால் இவ்வளவு நல்ல விவரங்கள் கிடைக்காது. ஆனால் நாவலில் வரும் அந்த ஏழாம் பாட்டை முழுசாக அச்சிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஓரிரு சொற்கள் போதும். முழுப் பாட்டைக் காட்டினால் வாசகர் அதை மதிப்பிட ஆரம்பித்துவிடுவார், கதை கையை விட்டுப் போய்விடும்.

முடிவில் சர்வர் எரிவதும் வேண்டாம், இயந்திரம் அழுவதும் வேண்டாம். ஓதுவார் ஆறாம் பாட்டை முடித்துவிட்டார், அடுத்து ஏழா எட்டா என்று அவர் தீர்மானிக்க வேண்டிய இடம் வரைக்கும் கதையைக் கொண்டுவந்து, ஏதாவது ஒன்றை அவரைச் செய்யவிடுங்கள். முடிவை வாசகரிடம் விடுகிறேன் என்று நழுவுவது இந்தக் கதையில் ஏமாற்று வேலை. அப்புறம், கையெழுத்துப் பிரதியை ஒரு ஓதுவாரிடமும் இந்த மாடல்களில் வேலை செய்யும் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள், இருவருக்கும் அவர்கள் நேரத்துக்கான பணத்தையும் கொடுங்கள். பண், கட்டளை (பாட்டின் சந்த அமைப்பு) விஷயங்களில் ஓதுவார் சொல்கிறபடியே திருத்துங்கள். மாடல்காரர் "இப்போதைய மாடல் இதைச் செய்யாது" என்று சொன்னால் மட்டும் ரொம்பக் கவலைப்படாதீர்கள், நீங்கள் எழுதுவது அறிவியல் புனைகதை.