வட இந்தியக் குளிரை ஜெட் காற்றில் பார்ப்பது எப்படி

ஜனவரியில் மணாலிக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் பனி விழுமா என்று ஃபோனில் வானிலை ஆப்பைப் பார்த்தால், ஒரு மேகப் படமும் ஒரு சதவீதமும் மட்டும் காட்டும். ஏன் விழும், ஏன் விழாது என்பது தரைக்கு 12 கி.மீ. மேலே, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றில் இருக்கிறது. அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

வெப்ப மண்டலத்துக்கும் வட பகுதிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் ஜெட் காற்றுக்குத் தீனி. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடுவதால் காற்றும் வலுக்கிறது. பருவமழை மாதங்களில் திபெத்துக்கு வடக்கே கிடக்கும் இந்தப் பட்டை, அக்டோபர் வாக்கில் இமயமலைக்குத் தெற்கே இறங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் 25 முதல் 30 பாகை வடக்கில், அதாவது ராஜஸ்தான், டெல்லி, உத்தரப் பிரதேசம் இவற்றின் தலைக்கு மேல் இருக்கும்.

எந்த உயரத்தைப் பார்ப்பது

விண்டி (windy.com) தளத்தில் காற்று அடுக்கைத் திறந்து, உயரப் பட்டையை 200 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு; எண் குறையக் குறைய உயரம் கூடும்) நகர்த்துங்கள். எர்த் நல்ஸ்கூல் (earth.nullschool.net) தளத்தில் 200 கிடையாது, 250தான் உண்டு; அதுவும் உதவும், ஆனால் இந்தியாவுக்கு மேலே ஓடும் ஜெட்டின் உச்ச வேகம் 200க்கு அருகில் இருப்பதால் 250இல் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். வேகத்தின் அலகை 'நாட்' (knot) என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை அதில்தான் பேசும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. 60 நாட்டுக்கு மேல் ஓடினால் ஜெட் என்று கணக்கு. வட இந்தியாவுக்கு மேல் ஜனவரியில் 100 நாட் என்பது அதிசயமில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். காற்று வேகமாக ஓடிச் சிவப்பாகத் தெரியும் இடத்தில் குளிர் அதிகம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஜெட் தலைக்கு மேல் ஓடுவதால் மட்டும் கீழே எதுவும் நடந்துவிடாது. பட்டை எங்கே வளைகிறது என்பதுதான் முக்கியம்.

வளைவைக் கண்டுபிடித்தல்

இப்போது உயரத்தை 500 ஹெக்டோபாஸ்கலுக்கு இறக்குங்கள். இது சுமார் 5.8 கி.மீ. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் பாருங்கள். காற்றுக் கோடுகள் நேராக வராமல் தெற்கே இறங்கி, மறுபடி வடக்கே ஏறுகின்றனவா? அந்தத் தொட்டில் வளைவுதான் 'ட்ரஃப்'. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் இந்த வளைவைத்தான் செய்திகளில் மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். குளிர்காலத்தில் மாதத்துக்குச் சுமார் நாலைந்து வரும்; எல்லாமே மழை தராது.

வளைவின் கிழக்குப் பக்கம் காற்று தென்மேற்கிலிருந்து ஏறும். அங்கே காற்று மேலெழும்பும், மேகம் கட்டும், மழையோ பனியோ விழும். மேற்குப் பக்கம் வடமேற்கிலிருந்து இறங்கும் காற்று: வானம் தெளிவு, வறட்சி, குளிர்.

ஜெட்டின் உச்ச வேக மையத்துக்கும் இதில் பங்குண்டு. அந்த மையத்தில், காற்று முதுகில் படும்படி கிழக்கே பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் இடப்பக்கமும், பின்னால் வலப்பக்கமும் காற்று மேலெழும். மற்ற இரண்டு மூலைகளிலும் கீழே இறங்கும். வளைவின் கிழக்குப் பக்கமும் இந்த முன்-இட மூலையும் ஒரே ஊரின் மேல் வந்து சேர்ந்தால், அந்த ஊருக்கு நல்ல மழை.

அறிக்கையின் ஒரு வரியைப் பிரித்துப் படிப்பது

வானிலை மையத்தின் தினசரி அறிக்கையில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி வரும்: மேற்கத்திய இடையூறு 5.8 கி.மீ. உயரத்தில், 28 பாகை வடக்குக்கு மேல், 65 பாகை கிழக்கு தீர்க்கரேகையை ஒட்டி ஒரு ட்ரஃபாக உள்ளது. பலர் தாண்டிப் போய்விடும் இந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது.

'65 பாகை கிழக்கு' என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. '28 பாகை வடக்குக்கு மேல்' என்பது வளைவு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று. இந்த இரண்டாவது எண் 32 என்றிருந்தால் காஷ்மீர், லடாக்கோடு போய்விடும் வாய்ப்பு அதிகம். 20 என்று இறங்கினால் குஜராத் வரை வளைவு. அரபிக்கடல் ஈரத்தை இழுத்துக்கொண்டு ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும்கூட மழை கொட்டலாம்.

இரண்டு நாள் அறிக்கையை அடுத்தடுத்து வைத்தால் வேகமும் கிடைக்கும். வளைவு திங்களன்று 62 பாகை கிழக்கில், செவ்வாயன்று 70இல் என்று வைப்போம். 30 பாகை வடக்கில் ஒரு பாகை தீர்க்கரேகை ஏறத்தாழ 96 கி.மீ.; எட்டுப் பாகைக்கு சுமார் 770 கி.மீ. மணாலி 77 பாகை கிழக்கில். புதனன்று வளைவின் நடுக்கோடு, அதாவது அச்சு, மணாலிக்கு மேல் வரும். ஆனால் மழை அச்சுக்கு முன்னாலேயே வருவதால், செவ்வாய் இரவே மேகம் கூடும். புதன் காலை மலைப்பாதையில் பயணம் வைத்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

அதே அறிக்கையில் ஜெட் காற்று 12.6 கி.மீ. உயரத்தில் இத்தனை நாட் என்றும் வரும். அது 200 ஹெக்டோபாஸ்கல் கதை.

மழையா, பனியா

வளைவு இருந்தும் கீழே ஈரம் இல்லாவிட்டால் வெறும் உயர்மேகம் போய்விடும். 850 ஹெக்டோபாஸ்கலில் (சுமார் 1.5 கி.மீ.) அரபிக்கடல் பக்கமிருந்து ராஜஸ்தான், பஞ்சாப் நோக்கிக் காற்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு உறைநிலை உயரம், அதாவது வெப்பநிலை பூஜ்யம் டிகிரியாகும் உயரம். அதற்குக் கீழே சுமார் 200-300 மீட்டர் வரை பனி உருகாமல் வந்துவிடும். மணாலி 2,050 மீட்டர். உறைநிலை 2,300க்குள் இருந்தால் ஊருக்குள்ளேயே பனி. 2,800 என்றால் ஊரில் மழை, மணாலிக்கு மேலே 3,060 மீட்டரில் இருக்கும் அடல் சுரங்கச் சாலையின் தென்வாயிலில் பனி.

வளைவு போன பிறகு

சமவெளியில் வரிசை இப்படி: இடையூறு நெருங்கும்போது மேகத்தால் இரவுக் குளிர் குறையும். மழை விடும். வானம் தெளியும், வடமேற்குக் காற்று வரும், இரவு வெப்பநிலை சட்டென்று இறங்கும். சமவெளியில் குறைந்தபட்சம் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால் குளிர் அலை என்று அறிவிப்பார்கள். அந்த வடமேற்குக் காற்று தணிந்ததும் மூடுபனி: ஈரத் தரை, தெளிந்த வானம், 5 நாட்டுக்குக் கீழான காற்று மூன்றும் சேர்ந்தால் டெல்லி விமான நிலையத்தில் தாமதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழ் என்றால் 'மிக அடர்ந்த' வகை. இதைக் கலைக்க அடுத்த வலுவான இடையூறு வரவேண்டியிருக்கும்.

அது வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி காட்டியது. வட இந்தியாவுக்கு மேல் 12 கி.மீ. உயரத்தில் மணிக்கு 250-320 கி.மீ. வேகத்தில் ஜெட் ஓடியது. ஆனால் வலுவான இடையூறு இல்லை. சமவெளியில் வாரக்கணக்கில் மூடுபனியும் வெயில் ஏறாத பகல்களும். காஷ்மீரின் குல்மார்க்கிலோ மாத நடுவில் சறுக்குவதற்குப் பனியில்லை. வானிலை மையம் காரணங்களாகச் சொன்னவை: வலுவான இடையூறு இல்லாமை, எல் நினோ (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவது), வலுத்த ஜெட். எல் நினோ ஆண்டென்றால் மேற்கு இமயத்தில் பனி அதிகம் என்றொரு பொதுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நம்பி ஹோட்டல் போட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

துருவச் சுழலை இழுக்க வேண்டாம்

டெல்லியில் குளிர் கூடினால் உடனே துருவச் சுழல் (குளிர்காலத்தில் வட துருவத்துக்கு மேலே வெகு உயரத்தில் சுற்றும் குளிர்க் காற்று) என்று எழுதுகிறார்கள். அது வேறு ஜெட்டின் கதை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துருவ ஜெட் தொய்ந்து ஆர்க்டிக் குளிரைத் தெற்கே விடும். 2021 ஜனவரித் தொடக்கத்தில் அடுக்குமண்டலம் (ஜெட் காற்றுக்கும் மேலே உள்ள வளிமண்டல அடுக்கு) திடீரென வெப்பமாகிச் சுழல் கலைந்தது. பிப்ரவரி 16 அன்று டாலஸில் மைனஸ் 19 டிகிரி, டெக்சாஸ் மின்சாரமில்லாமல் தவித்தது. டொரன்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் நல்ஸ்கூலில் 10 ஹெக்டோபாஸ்கலைப் பார்க்கலாம்: 60 பாகை வடக்கைச் சுற்றி மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்குக் கம்பளி தயாராக இருக்கட்டும். அப்போதும் ஒவ்வொரு முறையும் குளிர் வந்தே தீரும் என்றில்லை. இந்தியாவுக்கு முன்னால் இமயமலை நிற்கிறது. அந்தக் குளிர் நேராக இறங்கி வர வழியில்லை.

எவ்வளவு நம்பலாம்

வரைபடத்தின் நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம்) இந்திய நேரமா என்று முதலில் பாருங்கள். 00 யுடிசி என்பது நமக்குக் காலை 5.30. இதைக் கவனிக்காமல் ஒரு முழு இரவைத் தவறாகக் கணக்கிடுவது சகஜம். பிறகு விண்டியில் ஐரோப்பியக் கணிப்பு மாடலையும் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு, அதே நாளில் 500 ஹெக்டோபாஸ்கல் வளைவு எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். மூன்று நாளுக்குள் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஐந்தாம் நாளில் இரண்டுக்கும் ஐந்து பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அது கிட்டத்தட்ட அரை நாள் முன்பின். ஏழு நாளுக்கு அப்பால் தெரியும் வளைவை நம்பி ரத்துக் கட்டணம் கட்டாதீர்கள்; இரண்டு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.