2ஆம் கியர் நழுவல்: கோளாறு ஹப்பில் இல்லை

மடக்கு சைக்கிள், பின்சக்கரத்தில் 3 கியர் ஹப் (கியர்களை உள்ளடக்கிய சக்கர நடுவுருளை). விரித்ததும் கியரைச் சரிசெய்தால் ஒழுங்காக ஓடும். சற்று தூரம் போனதும் 2ஆம் கியரில் பெடல் வெறுமனே சுற்றும். செயின் தாவவே இல்லை, ஆகவே புதுச் செயினும் பல்சக்கரமும் தண்டச்செலவு. எண்ணெய் விட்டும் பலனில்லை.

மடிக்கும்போது கியர் கேபிளின் உறை மடிப்புக் கீலருகே இழுபட்டு, உறை நுனியில் உள்ள முனைக்குப்பி, அது உட்காரும் ஸ்டாப்பிலிருந்து (சட்டத்தில் உள்ள பிடிப்பு) 2 மி.மீ. எழும்பி விளிம்பில் குந்திக்கொள்கிறது. அப்படியே டியூன் செய்தால், ஓட்டத்தின் அதிர்வில் குப்பி உள்ளே இறங்கும், கேபிள் தொய்யும், 2க்கும் 3க்கும் இடையிலான நியூட்ரலில் (எந்தக் கியரும் பிடிக்காத நிலை) ஹப் மாட்டும்.

3 செ.மீ. கூடுதல் நீளத்தில் புது உறை போட்டேன். குப்பியை அழுத்தி உட்காரவைத்து, 2ஆம் கியரில், அச்சு நட்டின் துளை வழியே பார்த்தபடி, கேபிள் இழுக்கும் கியர்க்கம்பியின் தோள் (தடித்த பகுதி முடியும் விளிம்பு) அச்சுமுனையோடு மட்டமாகும்வரை கேபிளின் சரிசெய் திருகைத் திருகினேன். அப்பாடா, நழுவல் நின்றது. கேபிளைச் சரிசெய்யும் முன், கியர்க்கம்பியை அச்சுக்குள் முழுக்க முடுக்குங்கள்; பிறகு அதை அரைச்சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள்.