மேட்டூர் செய்தியைப் பார்த்துத் தேதி குறியுங்கள்: பெங்களூரிலிருந்து மூன்று நாள் காவிரி, கபினி

பெங்களூரில் பயணத் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் சனி, ஞாயிறோடு ஒட்டி வரும் லீவுதான். காவிரிக் கரைக்குப் போவதானால் அதற்கு முன் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். யானைக் கூட்டம், பறவைக் கூடு, அருவி மூன்றும் ஒரே பயணத்தில் அமையாது. சிவனசமுத்திரம் அருவிகள் நிரம்பி விழுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. அப்போது கபினி நீர்த்தேக்கமும் நிரம்பிவிடும். யானைகள் காட்டுக்குள் சிதறிவிடும். மார்ச் முதல் மே வரை தண்ணீர் வடிந்த இடத்தில் புல் முளைக்கும், கூட்டம் அங்கே இறங்கும். ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் ஜனவரியிலிருந்து ஜூன் வரைதான். ஆக மார்ச், ஏப்ரல் சரி. அருவியை இன்னொரு தடவைக்கு வையுங்கள்.

கபினியில் அறை போடுவதற்கு முன் சஃபாரி இருக்கையை உறுதி செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு. ரிசார்ட் கிடைத்தும் ஜீப்பில் இடமில்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. வனத்துறை சஃபாரியையே நிறுத்தி வைக்கும் காலங்களும் வரும். பணம் கட்டும் அன்று நிலவரம் கேளுங்கள். இரண்டு சஃபாரி கிடைத்தால் ஒன்று படகு, ஒன்று ஜீப். யானை, முதலை, நீர்நாய்க்குப் படகு. புலி, சிறுத்தைக்கு ஜீப். படகு யானையை நெருங்கினால் அதன் காலைக் கவனியுங்கள்: புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி, வேர் மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் போடும்.

முதல் நாள் காலை 6 மணிக்குள் கெங்கேரியைத் தாண்டிவிடுங்கள். பெங்களூர்–மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் பைக், ஆட்டோவுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து அனுமதியில்லை. பைக்கில் போனால் சர்வீஸ் ரோடுதான், ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பிடதி தட்டு இட்லி, மத்தூர் வடை இரண்டுக்கும் கீழே இறங்கியாக வேண்டும். ஏதாவது ஒன்றோடு நிறுத்தினால் 9 மணிக்கு ரங்கனதிட்டு.

அங்கே துடுப்புப் படகு. மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் மரத்தில் இருக்கும். ஆற்று ஆலா வெறும் பாறையில் முட்டையிடும். பக்கத்துப் பாறையில் கிடப்பதைப் பாறை என்று நினைத்துக் கையை நீட்டாதீர்கள், முதலையாக இருக்கும். கே.ஆர்.எஸ். அணையிலிருந்து அதிகம் திறந்துவிட்டால் படகு ஓடாது. மேட்டூருக்கு நீர்வரத்து உயர்ந்தது என்று தமிழ்ப் பத்திரிகையில் வந்தால் புறப்படும் முன் விசாரித்துவிடுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் 3 கி.மீ. தூரம்தான். காவிரி வழியில் நம் ஸ்ரீரங்கத்துக்கு முன்னே வரும் ஆதிரங்கன் கோயில் அங்கே இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

மைசூர் தாண்டி எச்.டி. கோட்டேயில் பெட்ரோலும் கையில் பணமும் நிரப்பிக்கொள்ளுங்கள். 1 மணிக்குக் கபினி சேர்ந்தால் மாலை சஃபாரிக்கு அவசரமில்லை. மறுநாள் காலை சஃபாரி முடித்து மைசூரில் தங்குங்கள்.

மூன்றாம் நாள்தான் பலர் கால் சுடும் நாள். மைசூரிலிருந்து சோமநாதபுரம் முதலில் வரும், ஆனால் கோடையில் தலைக்காட்டுக்கு முதலில் போங்கள். மணலில் புதைந்த கோயில்களுக்கு இடையே செருப்பில்லாமல் நடக்க வேண்டும். 11 மணிக்குமேல் முடியாது. பழைய கனமான சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துவையுங்கள். சோழர்கள் இவ்வூரைப் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயரிட்டார்கள். அவர்களை வென்ற விஷ்ணுவர்தனன் 1117-ல் கட்டியது கீர்த்திநாராயணர் கோயில். வைத்தியநாதேசுவரர் கோயில் வாசலில் துவாரபாலகரை நிதானமாகப் பாருங்கள். ஆற்றில் மட்டும் இறங்க வேண்டாம்: மேலே முழங்கால் தண்ணீராகத் தெரியும், அடுத்த அடியில் பள்ளமும் சுழியும். நீந்தத் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள்.

வெயில் ஏறியதும் சோமநாதபுரம். 13-ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயில், 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இருட்டு, விதானத்துக்குச் சின்ன டார்ச் வேண்டும். அங்கிருந்து பன்னூர், மளவள்ளி வழியாகக் கனகபுரா சாலையைப் பிடித்துவிடலாம். ஞாயிறு என்றால் 3 மணிக்கே கிளம்புங்கள். இருட்டினால் பெங்களூர் எல்லையில் நைஸ் ரோடு சந்திப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.