டேட்டா மெர்ஜில் சொல் இடைவெளி: நான் சரிசெய்த விதம்

சேலம் செவ்வாய்பேட்டையில் அழைப்பிதழ் அச்சிடும்போது, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் டேட்டா மெர்ஜில் (பட்டியலிலிருந்து பெயர், ஊரைத் தானாக நிரப்பும் வசதி) இனிஷியல் இல்லாதவர் பெயருக்கு முன்னால் இரட்டை இடைவெளி விழுந்தது, ஊர்ப்பெயர் நீளமானால் வரி பெட்டியைத் தாண்டியது. எழுத்தைச் சுருக்க எனக்கு மனசே வராது, தமிழ் எழுத்து நசுங்கினால் பார்க்கவே கஷ்டம். அதனால் மெர்ஜ் முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் (தானாக வேலையைச் செய்யும் சிறு நிரல்): முதலில் கிரெப் தேடலில் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடி மாற்றும் முறை) இரட்டை இடைவெளியை ஒற்றையாக்கும், அப்புறம் எந்தப் பெட்டி வழிகிறதோ அந்தப் பத்தியில் மட்டும் சொல் இடைவெளியை 100 சதவீதத்திலிருந்து 75-க்கு இறக்கும். சொல் இடைவெளிக்குக் குறைந்தபட்சம், விரும்பியது, அதிகபட்சம் என்று மூன்று மதிப்புகள் உண்டு; ஸ்கிரிப்ட் இறக்குவது நடுவிலுள்ளதை. குறைந்தபட்ச அளவு இயல்பாக 80 என்றிருக்கும்; அதை முதலில் இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும். இடப்பக்கம் சீரமைத்த வரிக்கு நடு மதிப்பு மட்டும்தான் வேலை செய்யும்.