மானின் காதே அளவுகோல்
டெக்சாஸில், எந்த ஆண் மானை வேட்டையாடலாம் என்பதைக் கொம்பைக் கொண்டு தீர்மானிக்கும் கொம்பளவு விதி உள்ள கவுண்டிகளில் (மாவட்டங்களில்), வெள்ளைவால் ஆண் மான் காதுகளை விறைப்பாக முன்னோக்கி நிறுத்தி உங்களை நேராகப் பார்க்கும் கணம்வரை காத்திருந்து, இரு கொம்புத் தண்டுகளின் உள்விளிம்புகளும் காது நுனிகளுக்கு வெளியே அமைந்துள்ளனவா என்று பைனாகுலரில் பாருங்கள். விழிப்புடன் நிற்கும் மானின் காது நுனிகளுக்கிடையே பெரும்பாலும் 13 அங்குலம் இருக்கும். விதி கேட்கும் குறைந்தபட்ச உள்ளகலமும், அதாவது இரு தண்டுகளின் உள்விளிம்புகளுக்கிடையேயான தூரமும், அதுவே. காதுகள் பின்னால் மடிந்திருந்தாலோ, மான் பக்கவாட்டில் நின்றாலோ இக்கணிப்பு ஏமாற்றிவிடும். ஐயமிருந்தால் சுடவே கூடாது என்பேன். ஒரு கொம்பாவது கிளைக்காமலிருந்தால் அகலம் பார்க்க வேண்டியதில்லை, அந்த மானைச் சுட விதி அனுமதிக்கிறது. பென்சில்வேனியாவில் கொம்பின் முனைகளையே எண்ணுவதால், அங்கு இது உதவாது.